புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு: அரை நாளில் எப்படிப் பார்ப்பது?

சவுக்குத்தோப்பு — காலை 7:10

வணக்கம். திண்டிவனம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பசுமைப் படை மாணவர்கள் 25 பேர், எட்டாம் வகுப்பு. புதுச்சேரிக்கு வடக்கே ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இருக்கும் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில்காட்டைப் பார்க்க அழைத்துப் போகும் திட்டம். தெரிய வேண்டியவை: எந்த மாதம் நல்லது, காட்டில் என்ன காட்டுவது, கழுவெளி ஏரியையும் திருவக்கரை கல்மரப் பூங்காவையும் (கல்லாகிப்போன பழைய மரங்கள் கிடக்கும் இடம்) அதே நாளில் சேர்க்க முடியுமா. "சின்னக் காடு, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

காயாம்பூ — காலை 7:48

சரியில்லை. பத்து நிமிடத்தில் முடிவது நடை. காட்டைப் பார்க்க 50 மீட்டர் பாதைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் அது என்ன காடு என்பது பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். சோழமண்டலக் கரையில் வளரும் வறண்ட பசுமைமாறாக் காடு அது. ஆண்டுக்கு 1,000 முதல் 1,300 மில்லிமீட்டர் வரை மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு ஆறு மாதத்துக்கு மேல் காய்ச்சல். இவ்வளவு காய்ந்தால் காடு இலையுதிர்க்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இந்த மரங்கள் உதிர்ப்பதில்லை. சித்திரை வெயிலில் சுற்றிலும் புல் வெளுத்துக் கிடக்கும்போது உள்ளே கரும்பச்சையாகவே நிற்கும். இலையைத் தொட்டால் காரணம் தெரியும்: சின்னது, தடிமன், தோல் மாதிரி, மேலே பளபளப்பு. நீரை வெளியே விடாத இலை.

உயரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இந்த வகைக் காட்டின் கூரையே பொதுவாக 9 முதல் 12 மீட்டர். கடற்காற்று அடிக்கும் இடங்களில் அதற்கும் கீழே. மேற்குத்தொடர்ச்சி மலையில் அண்ணாந்து பார்ப்பதுபோல் இங்கே பார்க்க ஒன்றும் இல்லை. கண்மட்டத்திலும் கால்மட்டத்திலும்தான் எல்லாம் நடக்கிறது. "பத்து நிமிடம்" என்று சொல்பவர்கள் அண்ணாந்து பார்த்தவர்கள்.

மாதம்: பள்ளிப் பிள்ளைகளுக்குத் தை, மாசி. மழை நின்றிருக்கும், தரை காய்ந்திருக்கும், வலசைப் பறவைகள் இன்னும் இருக்கும், வெயில் தாங்கும். கார்த்திகையில் காடு மிக அழகு. ஆனால் புயல் எச்சரிக்கை ஒன்று வந்தால் மொத்தத் திட்டமும் போய்விடும். ஆடி மாதத்தைத் தவிருங்கள்; கோயிலில் கூட்டம், காட்டோரம் முழுக்க வண்டிகளும் அடுப்புகளும். மற்ற மாதங்களிலும் திங்கள்கிழமையை விட்டு வேறு நாள் பாருங்கள்.

வலசை — காலை 8:25

தை, மாசிக்கு என் வாக்கும் உண்டு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: 8 மணிக்கு வந்து இறங்கினால் பறவைப் பகுதி போயிற்று. விடிவதற்குக் கால் மணி முன்னால் காட்டோரத்தில் நிற்க வேண்டும். ஆறுமணிக்குருவி என்று பெயர் வைத்ததே அது காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஒட்டிக் குரல் கொடுப்பதால்தான். இரண்டு அசைச் சீழ்க்கை. ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து வந்து இறங்கும், பங்குனி, சித்திரையில் திரும்பும். சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் பறவை அது. ஆகவே கிளையில் தேடாதீர்கள், தரையில் தேடுங்கள். சருகு சரசரக்கும் சத்தம் கேட்டால் அசையாமல் நில்லுங்கள். நான்கைந்து நிமிடத்தில் தானாகத் திறந்த இடத்துக்கு வரும்.

அதே சருகுத் தரையில் செந்தலைப் பூங்குருவி, கொடிக்கால் வாலாட்டி. கொடிக்கால் வாலாட்டியை உடலைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பின்பாகம் முழுவதையும் பக்கவாட்டில் ஆட்டும். கூரைக்குக் கீழே அரசவால் ஈப்பிடிப்பான் வரும். ஆண்டு முழுவதும் கேட்கும் குரல் வெண்புருவச் சின்னானுடையது. புதருக்குள் கொதிக்கிற மாதிரி வேகமாகப் பேசிவிட்டு நிறுத்திவிடும், வெளியே தலை காட்டாது.

பைனாகுலர்: 10×50 வேண்டாம், 8×42 எடுங்கள் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, அடுத்தது முன்வில்லையின் அகலம் மில்லிமீட்டரில்). உள்ளே வெளிச்சம் குறைவு, பறவை 5 மீட்டரில் நிற்கும். கிட்டக் குவியம் 2, 3 மீட்டர் வரை வருகிறதா என்று வாங்கும்முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பல மலிவுக் கருவிகள் 6 மீட்டருக்குக் கீழே மங்கிவிடும். இந்தக் காட்டில் அது பயன்படாது. 25 பேருக்கு 4 கருவி போதும், குழுவுக்கு ஒன்று.

கைபேசியில் குரல் பதிவைப் போட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். பரந்த காட்டில் அது நகர்ந்து போக இடம் உண்டு. இத்தனை சின்னத் துண்டில் வேறு இடம் கிடையாது. இரை தேட வேண்டிய நேரத்தில் எல்லை காக்க ஓடிக்கொண்டிருக்கும்.

ஓடைக்கொடி — காலை 9:40

25 பேரை ஒரே வரிசையாக உள்ளே விடாதீர்கள். முன்னால் போகும் ஆறு பேருக்குப் பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது. கடைசியில் வருபவர்கள் சலித்துப்போய்ப் பாதையை விட்டு இறங்குவார்கள். அங்கேதான் சேதம் தொடங்குகிறது. ஆறேழு பேராக நான்கு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்றவை வெளியே, விளிம்பிலும் கோயில் முற்றத்திலும் சுற்றுவட்டத்திலும்.

உள்ளே போகும் குழுவுக்கு எளிய முறை: முப்பது அடி நடை, மூன்று நிமிடம் நிற்றல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்றைக் குறிக்கச் சொல்லுங்கள்: வெளிச்சம் எப்படி மாறியது, காலடியில் சருகு எத்தனை விரல் ஆழம், கொடி எத்தனை. விளிம்பில் சருகு மெலிசாகவும், முள்செடி அதிகமாகவும், வெளிச்சம் கண்ணைக் கூசும்படியும் இருக்கும். உள்ளே போகப்போக முள் குறையும், சருகு ஆழமாகும், காற்று நிற்கும், சூடு இறங்கும். ஒரு சாதாரண வெப்பமானியை விளிம்பில் ஐந்து நிமிடம், உள்ளே ஐந்து நிமிடம் நிழலில் தொங்கவிட்டால் பிள்ளைகளே வித்தியாசத்தை எழுதிக்கொள்வார்கள். வெயில் நேராகப் படும்படி தொங்கவிட்டால் அந்த அளவு செல்லாது. அந்தத் தவறுதான் பெரும்பாலும் நடக்கிறது.

அடையாளம் காண, பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா என்று தொடங்குங்கள்.

எதிரெதிர், தடித்த இலை, நடுநரம்பைத் தவிரப் பக்க நரம்பே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது காயா, ஊர்வழக்கில் காசா. பூ இலைக்காம்பை ஒட்டிய பழைய கணுக்களில் கொத்துக் கொத்தாக வரும், நீலம். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்பது இந்தப் பூவை வைத்துத்தான். பழத்தின் உச்சியில் சின்னக் கிரீடம் மாதிரி ஒரு வளையம் இருக்கும்.

எதிரெதிர் இலைதான், ஆனால் அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்பு நீளவாட்டில் ஓடுகிறது, ஆரஞ்சுப் பழம் பந்துபோல் உருண்டை என்றால் எட்டி. பழம் பார்க்க ஆசையாக இருக்கும். விதையில் ஸ்ட்ரிக்னின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. இதையும் குன்றிமணியையும் காட்டித் "தொட்டுக் கையை வாயில் வைக்காதே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கசக்கினால் எலுமிச்சை வாசம், காம்படியில் முள் என்றால் காட்டு எலுமிச்சை. இலை மாற்றி மாற்றி வந்து, அடிமரம் வரிவரியாகக் குழிந்து முறுக்கி, பொந்து பொந்தாக நின்றால் வீரை. ஒரு வீரைமரத்தின் அடியை மட்டும் பத்து நிமிடம் பார்க்கலாம். குழிகளில் சருகு சேர்ந்து, அதில் பல்லியும் எறும்பும் குடியிருக்கும். கை விடாதீர்கள், தேளும் அங்கேதான்.

கொடிகளில் ஒன்றைக் கட்டாயம் காட்டுங்கள்: மோதிரக்கண்ணி. கிளைநுனியில் இரண்டு கொக்கி எதிரெதிராகச் சுருண்டு, அசல் மோதிரம் மாதிரியே இருக்கும். அருகில் எதுவும் படாத கொக்கி பச்சையாக, மெலிதாக, சுண்டுவிரலில் மாட்டுமளவு. ஒரு குச்சியைப் பற்றிவிட்ட கொக்கி தடித்து, மரமாகி, பிடியை விடாது. ஒரே கொடியில் இரண்டு நிலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கொடி எப்படி ஏறுகிறது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தர வேறு செடி எனக்குத் தெரியவில்லை.

மேட்டுக்கொல்லை — காலை 10:30

ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு சொல்கிறீர்கள், ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது முட்புதர்தான். சுற்றி முந்திரி, சவுக்கு, தைலமரம் என்று பச்சை நிறையவே இருக்கிறது. சவுக்குத் தோப்பிலும் நிழல் உண்டு. பிள்ளைகள் "இதில் என்ன விசேஷம்?" என்று கேட்டால் என்ன பதில்?

காயாம்பூ — காலை 11:05

நல்ல கேள்வி, அதற்குப் பதிலைச் சொல்லாமல் காட்டிவிடலாம். ஈசிஆர் ஓரத்தில் சவுக்குத் தோப்பு ஒன்றில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சட்டம் கீழே போட்டு, அதற்குள் எத்தனை வகை நாற்று முளைத்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஊசிச்சருகு மட்டும்தான் இருக்கும். பிறகு கோயில்காட்டில் பாதையோரமாக நின்று, தரையில் எதையும் மிதிக்காமல், அதே அளவுச் சட்டத்தைப் போட்டு எண்ணட்டும். காயா நாற்று, வீரை நாற்று, கொடி நாற்று, பெயர் தெரியாதவை என்று வரும். தோப்பை வெட்டினால் மறுபடி நட வேண்டும். காடு தன்னைத் தானே நட்டுக்கொள்கிறது.

நடுகிறவை பறவை, பழந்தின்னி வௌவால், மரநாய். இங்குள்ள மரங்களில் பெரும்பங்கு சதைப்பற்றுள்ள பழம் தருபவை, அவற்றைத் தின்று விதையைப் போட ஆள் வேண்டும். பாதையில் ஒரு கல்லின்மேல் விதைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். அன்றைய பாடத்தில் முக்கியமானது அதுதான்.

இன்னொன்று. தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. இந்த வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வேகமாக வளர்வதற்காக நட்ட ஆஸ்திரேலிய வேலமரங்கள் முறிந்து குவிந்தன. காயா, வீரை போன்ற இந்த மண்ணின் மரங்களும் கிளைகளை இழந்தன, ஆனால் அடியிலிருந்து மறுபடி தளிர்த்தன. குட்டையாக, கோணலாக, பல தண்டாக நிற்பதை முட்புதர் என்கிறோம். காற்றில் நிற்கத் தெரிந்த உடம்பு அது. கருங்காலியும் இந்த வகைக் காட்டு மரம்தான். கருங்காலி மணிமாலை மோகம் வந்தபிறகு அதை வெளியில் பெயர் சொல்லிக் காட்டவே தயங்க வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்று படத்தோடு இணையத்தில் போடாதீர்கள்.

செம்மண்மேடு — பகல் 12:15

சுற்றுப்புறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிக் கதைதான்.

புத்துப்பட்டு, காலாப்பட்டு, ஆரோவில், வானூர் எல்லாம் ஒரு செம்மண் மேட்டைச் சேர்ந்தவை. அடியில் கடலூர் மணற்கல். மேலே இருப்பது இரும்பேறிய சிவப்பு மண். மரப்போர்வை போனால் நிற்காது. ஒரு மணி நேரப் பெருமழையில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். ஆரோவில் பக்கம் அப்படி அறுத்த பள்ளங்கள் ஆளுயரத்துக்கும் மேல் ஆழம். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு ஏறக்குறைய மொட்டையாக இருந்தது. அங்கே காடு வளர்க்க வந்தவர்கள் முதலில் செய்தது வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்துவது, நடவு அதற்குப் பின்தான். எந்த மரத்தை நடுவது என்று தெரிந்துகொள்ள இந்த மாதிரிக் கோயில்காடுகளைத்தான் போய்ப் பார்த்தார்கள். சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட இடம் இல்லையென்றால், இந்தக் கரையில் என்ன காடு இருந்தது என்று சொல்ல ஆதாரமே மிஞ்சியிருக்காது.

பிள்ளைகளுக்கு: ஒரு கண்ணாடிப் புட்டியில் காட்டோரத்துக் கொல்லை மண் ஒரு கைப்பிடி, நீர் முக்கால் புட்டி. குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும், வண்டல் பிறகு, களி சாயங்காலம் வரை நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். காட்டு மண்ணை எடுக்க வேண்டாம், கொல்லை மண்ணே போதும்.

வழியில் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லை, முந்திரி, பனை, கம்பு. பனைவரிசையைக் கவனியுங்கள், பழைய வயல் எல்லையும் ஏரிக்கரையும் அதில் தெரியும். கழுவெளி மேற்கே இருக்கிறது; கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம் என்று ஈசிஆரில் வடக்கே போகும்போது இடப்பக்கம். தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒன்று. மரக்காணத்துக்கு அருகே உப்பங்கழி வழியாகக் கடலோடு சேர்கிறது. 2021இல் 5,100 ஹெக்டேருக்குச் சற்று மேல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடக்கு, கடல் பக்கம் உப்பு அதிகம். தெற்கிலும் மேற்கிலும் ஏரிகளின் உபரிநீர் வந்து விழுவதால் மழைக்காலத்தில் நன்னீர். தையில் இரண்டும் கலந்த நிலை, அதனால்தான் பறவை அதிகம். கூழைக்கடா, பூநாரை, நத்தைகுத்தி நாரை, உள்ளான் கூட்டம், ஆலா. சித்திரைக்குப் பிறகு பெரும்பகுதி வெடித்த சேறு. பங்குனி தாண்டினால் அங்கே போவதை விட்டுவிடுங்கள்.

கரையோரச் சேற்றில் யாரையும் இறக்காதீர்கள். மேலே காய்ந்து தட்டையாகத் தெரியும், முழங்கால் வரை உள்வாங்கும். எப்போதும் மண்கரைமேலோ சாலையோரத்திலோ நின்று பாருங்கள், வெயிலை முதுகில் வைத்து. காலையில் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே பார்த்தால் நிறம் தெரியும். மேற்கிலிருந்து பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான்.

சவுக்குத்தோப்பு — பகல் 1:02

நன்றி ஐயா, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. திருவக்கரையையும் சேர்க்கலாமா?

செம்மண்மேடு — பகல் 1:30

அதே நாளில் வேண்டாம். அது உள்ளே, மயிலம்–வானூர் பக்கம். கடற்கரையிலிருந்து போய்வரும் நேரத்தில் காட்டு நேரம் போய்விடும். தனி அரை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டாயம் போங்கள், ஏனென்றால் அந்தக் கல்மரங்கள் கிடப்பதும் இதே கடலூர் மணற்கல்லில்தான். சுமார் 2 கோடி ஆண்டு பழமை. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா முதலில் பதிவு செய்தார்; இன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. கிளை, வேர், இலை ஒன்றும் இல்லாமல் அடிமரங்கள் மட்டும் படுத்திருக்கும். எங்கிருந்தோ வெள்ளத்தில் உருண்டு வந்து மண்ணில் புதைந்தவை என்பதற்கு அதுவே சாட்சி. முதலில் கோயில்காடு, அடுத்த வாரம் திருவக்கரை என்ற வரிசையில் போனால் பிள்ளைகளுக்கு உறைக்கும். துண்டுக் கல்லைக்கூடப் பையில் போடக் கூடாது. அது குற்றம் என்று பேருந்திலேயே சொல்லிவிடுங்கள்.

வன்னியூரான் — பிற்பகல் 2:20

நான் வவுனியாப் பக்கம். நீங்கள் எழுதுகிற மரங்களை வாசிக்கும்போது எங்கட காட்டின் பட்டியலை வாசிக்கிற மாதிரிக் கிடக்குது. பாலை, வீரை, கருங்காலி, காயா எல்லாம் வன்னியிலும் அதே பெயர்தான். ஒன்று மட்டும் கவனியுங்கோ: நாங்கள் முதிரை என்று சொல்லுற மரத்தை உங்கட பக்கம் பொரசு என்கிறீர்கள். அதைப் புரசு என்று எழுதினால் தீப்பிழம்பு மாதிரிப் பூக்கிற பலாச மரமாகிவிடும், அது முற்றிலும் வேறு. முதிரைக்கு இலை சின்னச் சின்னதாக, சிறகு மாதிரிப் பல சிற்றிலை. பட்டை தக்கை மாதிரித் தடித்திருக்கும். பலாசுக்கு மூன்றே மூன்று பெரிய இலை. வன்னியில் பாலை மரம் உங்கட கரையை விடப் பெரிசாக வளரும். மழை இரண்டு இடத்திலும் மாரியில்தான், ஆனால் இங்கே குளங்களின் ஈரம் கிட்ட இருக்குது.

இன்னொரு விஷயம். கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்குது. எங்கட சனம் வருசக்கணக்காக அங்கே வாழுது. பிள்ளைகள் அந்தப் பக்கத்தால் போகும்போது வீடுகளையும் ஆட்களையும் படம் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

ஓடைக்கொடி — பிற்பகல் 2:55

நன்றி அண்ணா. பொரசு–புரசு குழப்பம் நாற்றங்கால்களிலும் நடக்கிறது. பெயர்ப்பலகையை நம்பாமல் இலையைப் பாருங்கள் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. முகாம் பற்றிச் சொன்னதை ஆசிரியர்கள் கிளம்பும்முன் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

நாற்றங்கால் — மாலை 4:10

பிள்ளைகள் விதை சேகரித்துப் பள்ளியில் நடலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைத்து முன்கூட்டியே எழுதுகிறேன். கோயில்காட்டிலிருந்து எடுக்காதீர்கள். அங்கே ஒரு சுள்ளியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது ஊர் வழக்கம்; அந்த வழக்கம்தான் காட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வேண்டுமானால் கோயில் நிர்வாகத்திடமும் வனத்துறையிடமும் கேட்டு, சிமெண்டுத் தரையிலோ தார்ச்சாலையிலோ விழுந்த பழத்தை மட்டும் எடுக்கலாம். அங்கே எப்படியும் அது முளைக்காது.

விதை எடுத்தால் வேலை அன்றைக்கே. இந்தக் காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். உளுந்து, பயறு மாதிரி டப்பாவில் போட்டு ஆடிப்பட்டத்துக்குக் காத்திருக்க முடியாது. காயா விதையை ஒரு மாதம் மேசையில் வைத்துவிட்டு "முளைக்கவில்லை" என்பவர்கள் ஏராளம். சதையைக் கழுவி நீக்குங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணமும் எறும்பும் முடித்துவிடும். நிழலில் சில மணி நேரம் மேல்ஈரம் போகட்டும், மறுநாளைக்குள் விதைத்துவிடுங்கள். மணல், செம்மண், மக்கிய எரு சம அளவு. விதையின் கனம் எவ்வளவோ அவ்வளவே ஆழம், அதற்கு மேல் வேண்டாம். மேலே சருகு ஒரு அடுக்கு. அரைநிழல். நீர் தேங்கினால் அழுகும், ஒருமுறை காய்ந்தாலும் போயிற்று. பூவாளியால் நாளுக்கு ஒருமுறை. பொறுமை வேண்டும். சிலது ஒரு மாதத்தில் வரும், சிலது பல மாதம் எடுக்கும். தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

நடும்போது ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி. ஐப்பசி முதல் மழை மண்ணில் ஒரு முழம் இறங்கிய பிறகு நடவு. கார்த்திகைக்குப் பின் நட்டால் வேர் இறங்குமுன் வெயில் வந்துவிடும். இரண்டு கோடைக்குத் தண்ணீர் உறுதி இல்லையென்றால் 100 செடி வேண்டாம், 10 செடி நடுங்கள். காயா ஆண்டுக்கு ஒரு சாண் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் ஆறாம் மாதம் ஊக்கம் போய்விடும்.

மேட்டுக்கொல்லை — மாலை 4:45

விளக்கத்துக்கு நன்றி, ஒத்துக்கொள்கிறேன். ஒரு யோசனை: பிள்ளைகளைக் கொண்டு காட்டைச் சுத்தம் செய்யலாமே? கோயிலைச் சுற்றிக் குப்பை நிறைய சேர்கிறது.

காயாம்பூ — மாலை 5:20

பிளாஸ்டிக் எடுக்கலாம், நல்ல காரியம். முற்றத்திலும் பாதையிலும் மட்டும், கையுறையோடு. பிரசாதத் தொன்னை, எண்ணெய்ப் பாக்கெட், கற்பூர அட்டை, தண்ணீர்ப் பாட்டில், இவைதான் அதிகம். வேண்டுதலுக்குக் கட்டியதையும் வைத்ததையும் தொடாதீர்கள். மண்குதிரை உடைந்து கிடந்தாலும் அது குப்பையல்ல.

ஆனால் துடைப்பத்தைக் காட்டுக்குள் கொண்டுபோக விடாதீர்கள். சருகைக் கூட்டி எரிப்பதுதான் இந்த மாதிரிக் காடுகளுக்கு நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரிய கெடுதல். நாற்றங்கால் நண்பர் சொன்னதுபோல விதை காய்ந்தால் சாகும். அதை ஈரமாக வைத்திருப்பது சருகுதான். சருகு போனால் நாற்று இல்லை, ஆறுமணிக்குருவிக்கு இரை இல்லை, முதல் மழையில் மேல்மண்ணும் இல்லை. பிறகு திறந்த இடத்தில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் ஏறும். விளிம்பிலிருந்து ஒரு வாகன நிறுத்தம், ஒரு சமையல் கொட்டகை என்று ஒவ்வொன்றாக உள்ளே வரும்போதும் இதேதான். காடு வட்டமாக வெட்டுப்படுவதில்லை. வெயிலும் காற்றும் ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்து, ஈரத்தை உறிஞ்சி, ஓரத்தையே உள்ளே தள்ளுகின்றன. பத்தடி இழந்தால் அதற்கு உள்ளேயுள்ள காடும் கெடும்.

உண்ணிச்செடியைப் பிடுங்கலாமா என்று கேட்பீர்கள். அனுமதியும், நாற்றை அடையாளம் காணத் தெரிந்த ஒருவரும் இல்லாமல் வேண்டாம். பத்து உண்ணிக்கு நடுவே இரண்டு களா, ஒரு காரை, ஒரு சூரைச் செடி மாட்டும். எல்லாம் முள்ளாக இருப்பதால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள்.

வலசை — மாலை 6:05

நேரப் பட்டியலாகச் சொல்வதானால், தை மாதத்துக்கு: 4:45க்குத் திண்டிவனத்திலிருந்து வண்டி, மரக்காணம் வந்து ஈசிஆரில் தெற்கே திரும்புவது நேர்வழி. 6 மணிக்குள் காட்டோரம். 7 வரை பேச்சில்லாமல் பறவை. 7 முதல் 7:30 வரை சாப்பாடு, கோயில் முற்றத்துக்கு வெளியே. இலையும் பொட்டலமும் திரும்ப வண்டிக்கே. 7:30 முதல் 9:30 வரை நான்கு குழு, குழுவுக்கு அரை மணி நேரம் காட்டுக்குள்ளே. 10 மணிக்குக் கழுவெளிக் கரை, 11:15க்கு மரக்காணம் உப்பளம், அங்கேயிருந்து வீடு. உப்பளத்தில் உழைப்பவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்; பாத்தி வரப்பில் ஏறாமல் சாலையிலிருந்தே காட்டுங்கள்.

உடை: முழுக்கால் சட்டை, முழுக்கை, மங்கிய நிறம். மூடிய காலணி, கோயில் எல்லைக்குள் கழற்றி வையுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். முசுறு எறும்புக் கூடு இலைகளைத் தைத்துத் தொங்கும், தலை மோதினால் மொத்தமும் கழுத்தில் இறங்கும். முன்னால் போகும் பெரியவர் அண்ணாந்து பார்த்து நடக்கட்டும். கண்ணாடி விரியன் சருகின் நிறத்திலேயே கிடக்கும், கை வைக்கும் முன்னும் உட்காரும் முன்னும் பாருங்கள். யாரையாவது கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனை. பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம்.

சவுக்குத்தோப்பு — மாலை 6:40

வண்டி நேரம் வரை குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: கயிற்றுச் சட்டம் பாதையோரம் போட்டால் போதுமா, உள்ளே போட வேண்டுமா?

காயாம்பூ — மாலை 6:52

பாதையோரம் போதும். பாதையின் விளிம்பிலிருந்து ஒரு கை நீட்டும் தூரத்தில் போடுங்கள். விளிம்பிலேயே போட்டால் மிதிபட்ட தரைதான் வரும். எண்ணுபவர் குந்தி உட்கார்ந்து, பென்சில் முனையால் சருகை ஓரமாகத் தூக்கிப் பார்த்து, அதே இடத்தில் திரும்ப விட வேண்டும். இரண்டு இலை நாற்று, நான்கு இலை நாற்று என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டிலை நிறைய, நாலிலை இல்லவே இல்லை என்றால் அங்கே முளைக்கிறது, ஆனால் பிழைப்பதில்லை. அதையும் குறித்து வாருங்கள், இங்கே போடுங்கள். ஏன் என்று பார்ப்போம்.